கழுத்து உடையாத ஸ்கூப்

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

கோபம் வந்தால் யார் மேல், எதற்கு என்று உடனே எழுதிவிடச் சொல்லியிருக்கிறார் பிரஷர் பார்க்கிற டாக்டரம்மா. எழுதி முடிப்பதற்குள் பாதிக் கோபம் போய்விடுமாம். போகிறதா, பார்ப்போம்.

யார் மேல்: என் அக்கா மங்கையர்க்கரசி மேல். எதற்கு: என் மனைவி தையல்நாயகியின் தாலியை ஆற்றில் விட்டதற்கு.

வருஷா வருஷம் பதினெட்டாம் பெருக்கன்று எங்கள் படித்துறையில் பெண்கள் தாலிக் கயிறு மாற்றுவார்கள். பழைய கயிற்றிலிருந்து தங்கத்தைக் கழற்றி, புது மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, வெறும் பழைய கயிற்றைப் பூவோடு சேர்த்துக் காவிரியில் விடுவது வழக்கம். சின்னப் பெண்களுக்குக்கூடத் தெரிந்த காரியம். ஐம்பத்தாறு வயது அக்கா, ஊரில் பாதிப் பேருக்குக் கயிறு மாற்றிக் கட்டியவள், தங்கத்தோடு சேர்த்து விட்டுவிட்டு நிற்கிறாள். கேட்டால், "கை தவறிடுச்சுடா தம்பி, கழட்டியாச்சுன்னு நெனச்சுட்டேன்" என்கிறாள்.

இருந்த கூட்டத்துக்கு முன்னாலேயே கேட்க வேண்டியதைக் கேட்டேன். உடனே இறங்கி இடுப்பளவு தண்ணீரில் துழாவினேன். மணல்தான் கையில் வந்தது. தையல் மேல்படியில் வெறும் கழுத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழக்கூட இல்லை, அவ்வளவு அதிர்ச்சி. ஒரு மஞ்சள் கிழங்கையாவது கயிற்றில் கட்டிக் கழுத்தில் போடு என்றேன். "அப்புறம் கட்டிக்கிறேங்க" என்றாள்.

நாளே சரியில்லை. காலையில் டிபன் கேரியர் வேறு கை தவறியது. சாம்பாரெல்லாம் வீண்.

எழுதி முடித்துவிட்டேன். பாதிகூடப் போகவில்லை.

ஆகஸ்ட் 4

தையல் லாலாப்பேட்டைக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அக்காதான் ஏற்பாடு. தாலி தண்ணீரில் போனால் அதற்கு ஒரு பரிகாரம் உண்டாம், பிறந்த வீட்டில் இருந்துதான் செய்ய வேண்டுமாம். நான் கேள்விப்பட்டதே இல்லை. புதுத் தாலி செய்துவிடலாமே என்றேன். கூடாதாம். "பழசே கெடைக்கணும். அது வரைக்கும் நீ அங்க போயி அவ முன்னால நிக்கக்கூடாது. உனக்கே ஆகாது" என்றாள். செய்ததையும் செய்துவிட்டுச் சட்டமும் பேசுகிறாள்.

பஸ் ஏறும்போது தையல் சொன்னது ஒன்றுதான்: "தாலி கெடைச்சா சொல்லுங்க."

கிடைத்தால் வருவாள். அவ்வளவுதானே? மோட்டார் காயில் கட்டுகிறவன் நான். எரிந்துபோன மோட்டாரையே எழுப்பி ஓடவைக்கிறேன், கண் முன்னால் விழுந்த தங்கத்தை எடுக்க முடியாதா? கடையைச் சாத்திவிட்டேன். தண்ணீருக்குள் வேலை செய்கிற மெட்டல் டிடெக்டர் ஒன்றுக்குப் போனிலேயே ஆர்டர் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 7

டிடெக்டர் வந்தது. நல்ல சாமான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சத்தம் கேட்டு என்ன பிரயோஜனம்? கரையில் என்றால் மண்ணைக் கிளறி எடுக்கலாம். தண்ணீருக்குள் ஒரு கை மண் எடுத்தால் சுற்றியுள்ள மணல் ஓடிவந்து குழியை மூடிக்கொள்கிறது. அள்ளிய கை மேலே வருவதற்குள் பாதி கரைந்துவிடுகிறது. வீட்டு ஜல்லிக்கரண்டியை எடுத்துப்போய்ப் பார்த்தேன். காம்பு வளைந்து கொக்கு மாதிரி திரும்பிக்கொண்டது.

இதற்கென்றே சல்லடை மாதிரி ஓட்டை போட்ட அள்ளி விற்கிறார்கள். ஸ்கூப் என்று பெயர். நீளக் கைப்பிடி, நுனியில் குடுவை. மண்ணோடு அள்ளித் தண்ணீரிலேயே ஆட்டினால் மணல் வழிந்துவிடும், சாமான் நிற்கும். ஒன்று வரவழைக்கிறேன்.

ஆகஸ்ட் 9

யார் மேல்: பிளாஸ்டிக்கில் ஸ்கூப் செய்தவன் மேல்.

மஞ்சள் நிறத்தில் வந்தது. எடை இல்லை. எடை இல்லாததை நல்ல குணமாக விளம்பரத்தில் போட்டிருந்தான். தண்ணீருக்குள் அது கீழேயே போக மாட்டேன் என்கிறது, மிதக்கிறது. அழுத்திப் பிடித்து மணலில் குத்தினேன். இரண்டாவது குத்தில் வாய் பிளந்தது. குழந்தைகள் மண்சோறு ஆக்குவதற்குச் செய்ததை ஆற்றுக்கு என்று விற்கிறான். அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டி எழுதியவர்கள் யாரும் ஆற்றையே பார்த்திருக்க மாட்டார்கள்.

உடைத்துத் துண்டு துண்டாக்கிவிட்டுத்தான் கரையேறினேன். படியில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாளியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். அவர்கள் மேல் எனக்கு என்ன கோபம்?

ஆகஸ்ட் 11

அலுமினியம். பிளாஸ்டிக்குக்குத் தேவலை. கைப்பிடி இழுத்து நீட்டுகிற மாதிரி, உயரத்துக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளலாம் என்று பெருமை வேறு. மணல் ஒரு பொடி உள்ளே போனது, அதோடு நீளவும் இல்லை, குறுகவும் இல்லை. மதியம் அடியில் சுக்கான் கல் ஒன்று தட்டியது. குடுவையின் உதடு அப்பளம் மாதிரி மடிந்துவிட்டது. நிமிர்த்தினேன், விரிசல் விட்டது.

அக்கா சாப்பாடு கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போகிறாள். தினமும் வருகிறாள். தினமும் திட்டு வாங்குகிறாள். இன்று உன்னால்தான் என் குடும்பம் நடுத்தெருவில் நிற்கிறது என்று சொன்னேன். பதிலே பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, எப்படிப் பேசும்?

"இங்க இல்லடா தம்பி, தண்ணி அந்தப் பக்கம்தான் இழுத்துச்சு, அந்த நாவல் மரத்துக்கு நேரா பாரு" என்று மட்டும் சொன்னாள். நாவல் மரம் படித்துறையிலிருந்து நல்ல தூரம் கீழே. சரி, விட்டவள் அவள்தானே, அவளுக்குத்தானே தெரியும்.

ஆகஸ்ட் 12

நாவல் மரத்துக்கு நேராக ஒன்றுமில்லை. பீர் பாட்டில் மூடிகள். குடிகாரப் பயல்கள் மேல் கோபம்.

ஆகஸ்ட் 14

ஆற்றில் மணல் அள்ளக் கூடாது என்று ஒருவர் வந்து சட்டம் பேசினார். கழுத்தில் அடையாள அட்டை. கையிலிருந்த நெளிந்த ஸ்கூப்பைக் காட்டி, "இதுலயா சார் மணல் கொள்ளை அடிக்கிறேன்?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவர் கையைக் காட்டி, என்னைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து போனார். அக்கா ஓடிப்போய் அவரிடம் என்னவோ சமாதானம் சொன்னாள். பிறகு என்னிடம் வந்து, இன்னும் கொஞ்சம் கீழே, பம்பு செட்டுக்கு நேராகப் பார் என்றாள். அன்றைக்கு நாவல் மரம், இன்றைக்குப் பம்பு செட்டு. விட்டால் கல்லணைக்கே அனுப்புவாள்.

ஆகஸ்ட் 16

யார் மேல்: உலகத்தின் மேல்.

மூன்றாவது ஸ்கூப் எவர்சில்வர். பெட்டியைப் பிரித்ததும் ஆளே மயங்கிவிட்டேன். கனமான தகடு, வட்டமான ஓட்டைகள், நுனியில் பல் வெட்டி, குடுவையின் பின்னால் குதிகால் வைத்து மிதிக்க ஒரு பட்டை. அப்பாடா, ஆற்றைப் பார்த்தவன் ஒருவன் செய்திருக்கிறான் என்று நினைத்தேன். காலையில் அருமையாக அள்ளியது. பத்து மணி வாக்கில் அடிமணல் கெட்டியான இடத்தில் மிதித்தேன். டக் என்று ஒரு சத்தம். கைப்பிடி மட்டும் என் கையில் நிற்கிறது, தலை தண்ணீருக்குள்.

கழுத்துதான் எல்லாவற்றுக்கும் உயிர். எவ்வளவு தடித் தகடு போட்டாலும் மிதிக்கிற பாரம் முழுக்கக் கைப்பிடியும் குடுவையும் சேர்கிற இடத்தில்தான் இறங்குகிறது. அங்கே ஒரு பொட்டு வெல்டிங் வைத்து, மேலே பாலிஷ் போட்டு மறைத்திருக்கிறான். பாலிஷ் போட்டால் ஒட்டிக்கொள்ளுமா?

அப்புறம் அந்தத் தலையை நானே டிடெக்டர் வைத்துத் தேடி எடுத்தேன். இத்தனை நாளில் தேடிக் கிடைத்தது அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 18

இனி ஒருத்தனையும் நம்பப் போவதில்லை. நானே செய்கிறேன். கிரில் கேட் செய்கிற சகாயராஜ் பட்டறையில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

கைப்பிடிக் குழாயைக் குடுவையின் மேல் ஒட்டுவதில்லை. உள்ளே விட்டு அடிவரை கொண்டுபோய், இரண்டு பக்கமும் முக்கோணத் தகடு வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். சாதாரண இரும்புக் குச்சி வைத்து வெல்டிங் அடித்தால் ஒட்டிய இடத்தில் துருப்பிடிக்கும், எவர்சில்வருக்கு எவர்சில்வர் குச்சிதான். இது வரைக்கும் சகாயராஜும் நானும் ஒரே பேச்சு. ஓட்டையில்தான் தகராறு. பெரிதாகப் போட்டால் மணல் சீக்கிரம் வழியும், தூக்குகிறவன் இடுப்பு தப்பிக்கும் என்கிறான் அவன். தாலியும் சேர்ந்து வழிந்துவிடுமே? சின்னதாகப் போட்டால் ஈரமணலை மூட்டை மூட்டையாகத் தூக்க வேண்டும்.

அக்காவின் தாலியை வாங்கிவந்து அளந்துவிடலாம் என்று போனேன். கழற்ற மாட்டேன் என்று கழுத்தோடு பிடித்துக்கொண்டாள். "கிட்ட வராத, நானே நூல்ல அளந்து தர்றேன்" என்றாள். அப்படியே அளந்து நூலைக் கொடுத்தாள். குண்டுமணி இரண்டும் போனால் போகட்டும், தாலி நிற்கிற அளவுக்கு ஓட்டை என்று முடிவாயிற்று.

ஆகஸ்ட் 19

மகள் பொற்கொடி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். நர்சிங் படிக்கிறாள். என்னிடம் அவளாகக் கூப்பிட்டுப் பேசுவது அபூர்வம்.

"அம்மாகிட்ட பேசினேம்ப்பா. நல்லாத் தூங்குறாங்களாம். கால் ஆறிடுச்சாம்."

எந்தக் கால் என்று கேட்டேன். அப்புறம் ஞாபகம் வந்தது. கேரியரிலிருந்த சாம்பார் கொஞ்சம் தையலின் கால் மேல் பட்டிருந்தது. சூடு அதிகம் இருந்திருக்காது. ஆற்றங்கரைக்குக் கிளம்புகிற அவசரத்தில் கருகிப்போன எலுமிச்சைச் சாதத்தைக் கட்டி வைத்தால் யாருக்குத்தான் கை தவறாது?

"நீங்க தேடுறது அம்மாவுக்கு வேணுமான்னு ஒரு தடவ கேட்டீங்களாப்பா?" என்றாள்.

படித்த பிள்ளைகள் பேசுகிற பேச்சு. தாலி வேணுமா என்று யாராவது கேட்பார்களா? போனை வைத்துவிட்டேன். வைத்தேன் என்றால் வைத்தேன், எறியவில்லை.

தாலி போய்விட்டது, புருஷன் ஆற்றில் கிடக்கிறான், அவளுக்குத் தூக்கம் வருகிறதாமே.

ஆகஸ்ட் 22

ஸ்கூப் வந்துவிட்டது. எடுத்துக் கையில் பிடித்தபோது கல்யாண மாப்பிள்ளைக்கு இருக்கிற சந்தோஷம். கனம்தான். ஆனால் தண்ணீருக்குள் அந்தக் கனமே உதவி, தானாக இறங்குகிறது. கெட்டி மணல், சுக்கான் கல், எதிலும் முழு உடம்புப் பாரத்தையும் வைத்து மிதித்தேன். கழுத்து அசையவில்லை. உடைக்க வேண்டும் என்றே படிக்கட்டுக் கல்லில் ஓங்கி ஒரு அடி அடித்துப் பார்த்தேன். கல்தான் பெயர்ந்தது.

ஒரு மெட்டி, ஒரு சாவிக்கொத்து, பழைய காசுகள். இனிமேல் நேரம்தான் கணக்கு. அக்காவிடம் தூக்கிக் காட்டினேன். இத்தனை நாளில் நான் சிரித்துப் பேசியது இன்றைக்குத்தான். அவளுக்குச் சந்தோஷமே இல்லை. அதை ஒரு மாதிரி பார்த்தாள். "இவ்வளவு கெட்டியா எதுக்குடா?" என்றாள்.

ஆகஸ்ட் 24

கிடைத்துவிட்டது.

இன்று அக்கா பேச்சைக் கேட்கவில்லை. தங்கம் கனம், கயிறு எவ்வளவு தூரம் இழுத்துப் போயிருக்கும் என்று யோசித்தேன். அவள் பேச்சைக் கேட்டு நாவல் மரம், பம்பு செட்டு என்று அலைந்ததெல்லாம் தண்டம். படித்துறையில் அவர்கள் நின்ற இடத்திலிருந்தே ஆரம்பித்தேன். "அங்க இல்லடா, அங்க வேணாம்டா" என்று கரையிலிருந்து கத்தினாள். வாயை மூடு என்று சொல்லிவிட்டு மிதித்தேன். கடைசிப் படிக்கு நேர் கீழே, இரண்டாவது அள்ளலிலேயே வந்தது.

தாலி தனியாக இல்லை. துணியில் முடிச்சாக இருந்தது. துணிக்குள் ஒரு கூழாங்கல். மூன்று முடிச்சு, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. ஆற்றில் என்னென்னவோ மிதந்து வரும், ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளும். கல்லும் துணியும் அப்படித்தான் சேர்ந்திருக்க வேண்டும்.

துணி தையலின் நீலச் சேலைத் தலைப்பில் கிழித்தது மாதிரி இருக்கிறது. நீலத்தில் உலகத்தில் எத்தனையோ துணி.

நிமிர்ந்து பார்த்தபோது படியில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. அக்காவைக் காணோம். நாளைக் காலை லாலாப்பேட்டை போகிறேன்.

ஆகஸ்ட் 25

எழுதித்தான் ஆக வேண்டும். டாக்டரம்மாவுக்காக இல்லை.

ஸ்கூப்பையும் எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். எதை வைத்து எடுத்தேன் என்று அவளுக்குக் காட்ட ஆசை. மச்சான் வாசலிலேயே நின்றார். "வாங்க மாப்ளே" என்றார், ஆனால் நிலைப்படியை விட்டு நகரவில்லை. தையல் உள்ளேயிருந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். முகம் தெளிந்திருக்கிறது. எனக்கு அவளைப் பார்த்ததும் அழுகை வந்தது, உண்மை. கைக்குட்டையைப் பிரித்து நீட்டினேன். அவள் தங்கத்தைப் பார்க்கவில்லை. கூடவே வைத்திருந்த நீலத்துணியைப் பார்த்தாள்.

"எடுத்துட்டீங்களா" என்றாள். "எடுக்க முடியாதுன்னு நெனச்சேன்."

"எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா? அக்கா செஞ்ச வேலைக்கு..."

"அண்ணி செய்யலீங்க. நான்தான் போட்டேன். கயித்தோட எங்கயாவது ஒதுங்கி யாராவது எடுத்துக் குடுத்துடுவாங்கன்னு கல்ல வச்சு முடிஞ்சு போட்டேன்."

மச்சான் ஒரு அடி முன்னால் வந்து நின்றார். அவள் அவரைத் தள்ளிவிட்டு அவளே பேசினாள்.

"அன்னிக்குக் காலையில கேரியர் கை தவறலீங்க. கொதிக்கக் கொதிக்க என் கால்ல எறிஞ்சீங்க. அந்தக் காலோட படியெறங்கி வந்து, உங்க ஆயுசுக்காகக் கயிறு மாத்திக்க உக்காந்தேன். உக்காந்தப்பதான் தோணுச்சு. கழட்டுனது கழட்டுனதாவே இருக்கட்டும்னு. நான் முடிச்சுப் போடுறத அண்ணி பாத்துட்டாங்க. தட்டுல இருந்த பழைய கயித்தையெல்லாம் வாரி அவங்களே ஆத்துல விட்டுட்டு, 'ஐயோ கை தவறிடுச்சே'ன்னு சத்தம் போட்டாங்க. என் காதுக்கிட்ட வந்து, 'நாளைக்கே உங்கண்ணன் வீட்டுக்குப் போயிடு, நான் தம்பியப் பாத்துக்கிறேன்'னாங்க."

தாலி கிடைத்தால் சொல்லச் சொன்னாயே என்று கேட்டேன்.

"கெடைச்சா நீங்க இங்க வந்துடுவீங்க, நான் இங்கேருந்தும் போகணும்னுதான்" என்றாள். உள்ளே போய்விட்டாள். தாலி என் கையிலேயே இருந்தது.

திரும்பி வருகிற வழி முழுக்க அக்கா ஞாபகம்தான். அங்கே போகக் கூடாது, புதுசு செய்யக் கூடாது, பழசே கிடைக்கணும், நாவல் மரம், பம்பு செட்டு. பரிகாரமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. என்னை ஆற்றுக்குள்ளேயே நிறுத்தி வைத்துவிட்டு, தினமும் சோறும் கொண்டுவந்து, திட்டும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். என்னை முட்டாளாக்கிவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அவள் வீட்டுக்குப் போனேன். துவைக்கப் போயிருக்கிறாள் என்றார்கள். படித்துறைக்குப் போனேன். வெயில் சாய்ந்திருந்தது, அவள் மட்டும்தான் இருந்தாள்.

"ஏன்க்கா இப்பிடிப் பண்ணுன?" என்றேன். கத்தினேன்.

அக்கா துவைத்துக்கொண்டிருந்த துணியைக் கையில் பிடித்தபடியே எழுந்தாள்.

"நீ தண்ணிக்குள்ள நிக்கிற நேரமெல்லாம் அவ பயமில்லாம இருந்தாடா" என்றாள். "உன்ன வேற எங்க நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியல."

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். எனக்கு அடிபட்டால் அவள் அழுவாள். அப்படிப்பட்டவளை நோக்கி நான் இரண்டு படி இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று இப்போது யோசித்தால் சொல்லத் தெரியவில்லை. அவள் பின்வாங்கி ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி. முழங்கால் வரைக்கும் தண்ணீர். அதற்கு மேல் இறங்க அவளுக்குப் படி இல்லை. நீச்சலும் தெரியாது.

"அதக் கீழ வச்சுட்டுப் பேசுடா தம்பி" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். ஸ்கூப் என் கையில் இருந்தது. காலையிலிருந்து தூக்கிக்கொண்டு திரிகிறேன், கனமே தெரியவில்லை. கழுத்தை இறுக்கிப் பிடித்து, தலை மேலே இருக்கும்படி தூக்கி வைத்திருந்தேன்.

கீழே வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன். வா அக்கா, மேலே வா என்று கையை நீட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். வரவில்லை. ஈரத்துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நான் படியேறி, தெரு திரும்புகிற வரைக்கும் அவள் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை.